இருபத்தொரு நாள் ஓய்வெடுத்த பேட்டரி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எழுபத்து நான்கு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சொல்வதென்று இறங்கினால் நம்பும்படியாகச் சொல்லத் தெரிந்தவன்தான் நான். இதில் நம்பமுடியாத இடங்கள் நாலைந்து இருப்பதே இது பொய்யில்லை என்பதற்கு அத்தாட்சி. நெஞ்சில் வலது கையை வைத்துச் சொல்வதுதான் முறை. அந்தக் கையில் பேனா இருப்பதால் இடது கையை வைத்திருக்கிறேன்.

எங்கள் காருக்கு வயது பத்தொன்பது. மாதத்தில் இரண்டு தடவை வேலை இருக்கும். கண் டாக்டரிடம் ஒரு தடவை, என் மனைவி மொத்தக்கடையில் துணி எடுக்க ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். நிற்கிற காரில் பேட்டரி இறங்குவது உலக வழக்கம். மற்றவர்கள் வீட்டில் படியில் இறங்குகிற மாதிரி இறங்கும். எங்கள் வீட்டில் கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கும். சனிக்கிழமை நிரம்ப சார்ஜ் ஏற்றி வைத்தால் செவ்வாய்க்கிழமை கதவைத் திறக்கும்போது உள்விளக்கு கூட எரியாது.

அதனால் காரைத் தள்ளிக் கிளப்புவதே வழக்கமாகிவிட்டது. தெருவில் கை காலோடு இருந்த எல்லோரும் தள்ளியிருக்கிறார்கள். எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் புதுக் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது, என் மனைவி நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். ஒரே வருடத்தில் தொடை நாலு அங்குலம் ஏறியிருந்தது. அவரால் அப்புறம் கால்மேல் கால் போட்டு உட்கார முடியவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதவி உயர்வு என்று சொல்லிக்கொண்டார்.

என் மனைவி தையல்காரி. வீட்டில் மூன்று தையல் மெஷின்கள் உண்டு. ஒன்று ஹாலில் ஜன்னலடியில், ஒன்று சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில், ஒன்று படுக்கையறையில் கட்டிலை ஒட்டி. கட்டிலிலிருந்து இடது பக்கமாக இறங்கினால் நேராக மிதிபலகையில்தான் கால் வைக்கவேண்டும். ஒருநாள் காலையில் அரைத்தூக்கத்தில் அப்படிக் கால் வைத்தவன், முகம் கழுவப் போவதற்குள் ஒரு தலையணை உறை தைத்து முடித்துவிட்டேன். ஓரம் மடித்தது மட்டும் சரியில்லை என்றாள்.

ஆக, அவளுக்கு அந்த ஷெட் வேண்டும். எனக்கு அதில் கார் நிற்கவேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஒரு நாள் காலைக் காபியின்போது அது உடைத்துப் பேசப்பட்டது.

"ஏங்க, அந்தக் கார் ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது. ஆனா ஓடற நிலைமையில நிக்குது."

"நான் மூணு மெஷினை வச்சுக்கிட்டு மூக்குமேல வச்சுத் துணி வெட்டிட்டு இருக்கேன். அது பதினெட்டுக்கு ஒம்போது அடியில மகாராஜா மாதிரி படுத்துக் கெடக்கு. ஒரு தடவையாச்சும் தானா எழுந்திரிச்சிருக்கா?"

"பேட்டரிதான் கோளாறு. காரைச் சொல்லாத."

"மூணு வருஷத்துல நாலு பேட்டரி மாத்தியாச்சு. நாலுமா கோளாறு?"

அப்போது அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 'மேற்படி' என்று சொல்லாமல் அவனுக்கு எதையும் பேச வராது. காபியில் சர்க்கரை போதாவிட்டால் 'மேற்படி காபி' என்பான்.

"அக்கா, அத்தான், ரெண்டு பேரும் வாயால பேசி என்ன பிரயோஜனம்? எழுதிப் போட்டுடலாம்" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

அவன் எழுதியது இது: மேற்படி கார் இருபத்தொரு நாட்கள் எவராலும் தொடப்படாமல் மேற்படி ஷெட்டில் நிற்கவேண்டியது. அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எவரும் தள்ளாமலும், வேறு பேட்டரி கொண்டு கிளப்பாமலும், சாவியை ஒரே முறை திருப்பி மேற்படி கார் கிளம்பவேண்டியது. கிளம்பினால் மேற்படி ஷெட் காருக்கே. கிளம்பாவிட்டால் கார் பழைய இரும்புக் கடைக்கும், ஷெட் தையல் மெஷின்களுக்கும் போய்ச் சேரவேண்டியது.

"ஒரே ஒரு கார்தான் இருக்கு. அதுக்கு எதுக்கு இத்தனை மேற்படி?" என்றேன்.

"நாளைக்கு நீங்க வேற காரைக் கொண்டாந்து நிறுத்திட்டா?"

"அவ்வளவு வசதி இருந்தா உங்க அக்காவுக்கு ஒரு ஷெட்டே கட்டிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"தம்பி, அதையும் எழுதிக்க" என்றாள் அவள்.

கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. நான் கையெழுத்துப் போட்டு எதுவும் கெட்டதில்லை, கல்யாணம் உட்பட.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மூன்று தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறவர். எல்லோரும் அவரை 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் நிற்கமாட்டார் என்பதால் வந்த பெயர். அன்றைக்கு வந்தார். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வண்டி அணைஞ்சு நிக்கும்போது கொஞ்சம் போகத்தான் சார் செய்யும். அம்பது மில்லி ஆம்பியர் போனா ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்களுது நானூறு போகுது."

"எங்க போகுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் முழிச்சிட்டு நிக்கறேன்?"

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முள் நகரவில்லை. எல்லா ஃபியூஸையும் பிடுங்கி என் உள்ளங்கையில் கொட்டினார். அப்போதும் நானூறு. அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், சொன்னால் கேட்கவேண்டுமே. ஷெட் தரையில்தான் வடிந்துகொண்டிருந்தது. அங்கே வெறுங்காலோடு நடந்தால் பாதம் கூசும். எங்கள் தெருப் பூனை அந்தக் காருக்கடியில் அரைமணி படுத்து எழுந்து வந்தால், மயிரெல்லாம் குத்திட்டு நின்று இரண்டு பூனை அளவுக்கு இருக்கும். நாய்கள் அதற்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"பத்தொம்போது வருஷத்து வயரு சார். எல்லாத்தையும் பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா ரெண்டு மாசம். பேசாம ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டிருங்க. நிறுத்தறப்போ பேட்டரியையே தனியாப் பிரிச்சு விட்டுட்டா எங்கேர்ந்து போகும்?"

"நீங்க வந்து மாட்டறீங்களா?"

"வரேன் சார்" என்றார். அவர் வருகிறேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும். நானே மாட்டுவதென்று முடிவு செய்தேன்.

சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளவேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைத் துண்டு. ஒரு முனை பேட்டரியின் மைனஸ் குமிழில் உட்காரும். மறுமுனையில் காரின் கறுப்புக் கேபிள் உட்காரும். நடுவில் ஒரு பச்சைத் திருகு. வலப்பக்கம் திருகினால் இரண்டும் சேரும். இடப்பக்கம் திருகினால் பிரியும். மேலும் திருகினால் பச்சைத் திருகு கழன்று கையோடு வந்துவிடும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். திருடன் சாவியே கொண்டு வந்தாலும் கார் நகராது. இவ்வளவு எளிமையான ஒரு சாமான் இவ்வளவு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் ஏன் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நகம் இறங்கவில்லை. சமையலறைக் கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

"உன் கத்திரியை ஒரு நிமிஷம் குடு" என்றேன்.

"எந்தக் கத்திரி?"

"மேஜையில இருக்கே, பெருசு."

"அது துணி வெட்டற கத்திரி. பிளாஸ்டிக்ல பட்டா முனை போயிடும்."

"ஒரே ஒரு வெட்டு."

"உங்களுக்கு என் கிட்னி வேணும்னா கேளுங்க, யோசிக்கறேன்."

நாற்பத்தாறு வருட இல்லறத்தில் அவள் எனக்குத் தர மறுத்த ஒரே பொருள் அந்தக் கத்திரிதான். பரவாயில்லை என்று உறையைப் பல்லால் பிரித்தேன். கீழ்வரிசைப் பற்கள் நான் பிறக்கும்போது கொண்டுவந்தவை அல்ல என்பதால் தைரியமாக இறங்க முடிந்தது.

அடுத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனர். உலகத்தில் தொலைகிற ஸ்பேனர்களிலெல்லாம் பத்தாம் நம்பர்தான் முதலிடம். அரைநாள் தேடிய பிறகு, ஹால் மேஜையில் அவள் வெட்டுகிற காகித அளவுகளின் மேல், பறக்காமல் இருக்க வைத்த பாரமாகக் கிடைத்தது.

"இது என் ஸ்பேனர்."

"ஆறு வருஷமா என்னோடதுதான். வேலை முடிஞ்சதும் வந்த எடத்துல வையுங்க."

மைனஸ் கேபிளைத்தான் முதலில் கழற்றவேண்டும். பிளஸ்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்பேனர் கார் உடம்பில் பட்டுவிட்டால் தீபாராதனைதான். கழற்றினேன். குமிழைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. சுடுதண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், ஊற்றினேன், போனது. "டப்பாவுல இருந்த சோடாவை யாரு எடுத்தது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுவிட்சை உட்கார வைத்து, முறுக்கினேன். கையால் அசைத்தால் அசையக்கூடாது. அசையவில்லை. பானெட்டை மூடினால் திருகின் தலை இடிக்குமா என்று பார்க்க, அவளுடைய அடையாளச் சாக்கட்டியை அதன் தலையில் தடவி, மூடித் திறந்தேன். பானெட்டின் உள்பக்கம் சாக்கட்டித் தடம் இல்லை. ஒரு பட்டறைக்காரன் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. செய்திருந்தால் காட்டட்டும்.

பிறகு சோதனை. பச்சைத் திருகை இடப்பக்கம் திருகினேன். அந்த நொடியே ஹாலில் அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது. அது காலால் மிதிக்கிற மெஷின். வலப்பக்கம் திருகினேன், ஓட ஆரம்பித்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே. நூல் அறுந்து அறுந்து போனது என்று அவள் சொல்கிறாள். நான் விளக்கம் எதுவும் சொல்ல வரவில்லை. நடந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வந்தது. காரைப் பூட்டி சீல் வைக்கிற நாள். அவள் ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பதினாறு சிவப்புக் கோட்டுகள் தைத்து முடித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் எட்டு பித்தளைப் பொத்தான்கள். மூன்று வாரம் கழித்து, அதே சனிக்கிழமை பத்து மணிக்குக் குழுத்தலைவர் வந்து எடுத்துப்போவார். பத்தரைக்கு அவர்கள் ஊர்வலத்தின் முன்னால் போகவேண்டும். வீட்டில் கோட்டுகளை வைக்க இடமில்லை.

"இருபத்தொரு நாள் சும்மா நிக்கப்போற வண்டிதான? அதுவரைக்கும் அலமாரியா இருந்துட்டுப் போகட்டும்" என்று பதினைந்து கோட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கினாள். தலைவருடைய கோட்டில் தங்கநிறச் சரிகை அதிகம். அது கசங்கக்கூடாது என்று டிரைவர் சீட்டின் தோளில் மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டாள்.

நான் வழக்கப்படி காரைக் கியரில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் வேலை செய்யாத காரை அப்படித்தான் நிறுத்தவேண்டும். பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு இறங்கி, ரிமோட்டை அமுக்கினேன். 'பீப்' என்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. பச்சைத் திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பானெட்டை அறைந்து மூடினேன். மச்சான் கதவுக்குக் கதவு காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டான்.

பதினோராம் நாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கவளத்தில் என் கை நின்றது.

ரிமோட்டுக்குக் கதவு திறக்கவேண்டுமென்றால் காரில் கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டுமென்றால் பச்சைத் திருகை மாட்டவேண்டும். மாட்ட வேண்டுமென்றால் பானெட் திறக்கவேண்டும். பானெட்டைத் திறக்கிற நெம்பி டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதை இழுக்க வேண்டுமென்றால் கதவு திறக்கவேண்டும்.

சாவித் துவாரம் ஒன்று கதவில் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, குழாய் ஒட்டுகிற பசையைப் பிசைந்து அடைத்து, மேலே வண்ணமும் பூசியவன் நான்தான். ரிமோட் இருக்கிறபோது துவாரம் எதற்கு என்று அப்போது கேட்டேன். நல்ல கேள்வி.

"ஏன் சாப்பாட்டை வச்சுக்கிட்டு சொவரைப் பாக்கறீங்க?" என்றாள்.

"சுவர் நல்லாருக்கு."

நான் கவலைப்படவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, நாலு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் மின்னலுக்குப் போன் செய்தேன்.

"இதுக்கா சார் பயந்தீங்க? வண்டிக்குக் கீழ படுத்துக்கங்க. ஸ்டார்ட்டர் மோட்டார்ல பெரிய போல்ட் ஒண்ணு இருக்கும். வேற பேட்டரியோட பிளஸ்ஸை அதுல புடிங்க, மைனஸை எஞ்சின் இரும்புல புடிங்க. பூட்டுக்குக் கரண்ட் போயிரும். ரிமோட்டை அமுக்குங்க, முடிஞ்சுது."

"பயப்படல. உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்" என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஷெட் முன்னால் மூவரும் நின்றோம். மச்சான் காகிதத்தையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு நின்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, நிலைமையை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவள் மெதுவாகக் காரின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"என் பதினாறு கோட்டும் உள்ள இருக்கு."

"இருக்கு. பத்திரமா இருக்கு."

"பத்து மணிக்கு வந்துடுவாங்க. கண்ணாடியை உடைங்க."

"உடைச்சா காருக்குச் சேதம். தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. ஒரு வேற பேட்டரி மட்டும் கொண்டுவந்தா..."

"வேற பேட்டரி கூடாதுன்னு இருக்கு" என்றான் மச்சான்.

"அது கிளப்பறதுக்கு. இது கதவைத் திறக்கறதுக்கு."

"அத்தான், மேற்படி காருக்குப் பக்கத்துல வேற பேட்டரி வந்தாலே எனக்கு ஆட்சேபணை. அப்புறம் எதுல கிளம்பிச்சுன்னு நான் எப்படி சொல்றது?"

அவனிடம் நியாயம் இருந்தது. முப்பத்தோரு வருடம் டைப் அடித்தவனிடம் அதுதான் தொல்லை. கடிகாரம் எட்டரை காட்டியது. எனக்கு மேலுதடு வியர்த்தது; வெயிலால்.

அப்போது அவள் கேட்டாள்: "தம்பி, வேற பேட்டரி கூடாதுன்னுதான எழுதியிருக்க? தையல் மெஷின் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கியா?"

மச்சான் மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தான். கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தான். "எழுதல, அக்கா" என்றான்.

ஹால் மெஷினில் ஒரு சைக்கிள் டைனமோ உண்டு. கரண்ட் போனாலும் ஊசிமுனையில் வெளிச்சம் இருக்கட்டும் என்று முன்னொரு காலத்தில் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து இரண்டு வயரை ஜன்னல் வழியாக ஷெட்டுக்கு இழுத்தோம். நான் காருக்கடியில் மல்லாந்து படுத்து, ஒன்றைப் பெரிய போல்ட்டிலும் ஒன்றை எஞ்சினிலும் பிடித்தேன். டைனமோ கரண்ட் வேறு வகை, கார் கரண்ட் வேறு வகை, அது இதற்கு உதவாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் என் மனைவி மிதித்துப் பார்த்ததில்லை.

மிதித்தாள். முதலில் காருக்குள் கடிகாரம் உயிர்பெற்று, கரண்ட் போய் வந்த எல்லாக் கடிகாரங்களும் சொல்வதுபோல் மணி பன்னிரண்டு என்றது. பிறகு ரேடியோ பாட ஆரம்பித்தது.

"போதுமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து."

"உங்களுக்காக அழுத்தலை. என் கோட்டுக்காக அழுத்தறேன்."

அழுத்தினாள். நான் ரிமோட்டை அமுக்கினேன். நான்கு கதவும் டிக்கியும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. அடுத்த வீட்டுக் கார் கதவும், அதற்கடுத்த வீட்டு இரும்பு அலமாரியும் திறந்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது. மிதித்தபோது மெஷினில் துணி இருந்ததால், அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு ஜன்னல் திரையும் தைத்து முடிந்திருந்தன.

வயரை எடுத்தோம். மச்சான் அதைச் சுருட்டிப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு வந்தான். அவள் பின்சீட்டிலிருந்து பதினைந்து கோட்டுகளை எடுத்தாள். நான் நெம்பியை இழுத்து, பானெட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து பச்சைத் திருகை எடுத்து மாட்டி, வலப்பக்கம் திருகினேன். அந்தப் பேட்டரியைத் தொட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தொரு நாள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடந்து, அது கொழுத்துப் போயிருந்தது. ஏற்றி வைத்த சார்ஜ் ஒரு துளி குறையாதது மட்டுமல்ல, கொஞ்சம் வட்டியும் போட்டிருந்தது.

"ஒம்போது" என்றான் மச்சான். "இப்ப. ஒரே ஒரு தடவை."

உட்காரப் போனால் ஒன்பது தாண்டிவிடும். அதோடு தலைவருடைய கோட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. திறந்த கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே தடவை.

கிளம்பியது. கார் கியரில் இருந்தது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நான் கையை வெளியே எடுக்கவும், கார் ஷெட்டை விட்டு வெளியே போகவும் சரியாக இருந்தது.

மூவரும் வாசலுக்கு ஓடினோம். கார் அலட்டிக்கொள்ளாமல், அது எப்போதும் போகிற பக்கமாகவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் இன்றுவரை ஒன்றையேதான் சொல்கிறார்கள்: சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் போட்ட ஒருவர் ஓட்டிப்போனார், நல்ல ஓட்டுநர், ஆனால் தலையைத்தான் பார்க்க முடியவில்லை. திருப்பத்தில் அவர் கைகாட்டினார் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

மச்சான் காகிதத்தில் எழுதினான்: ஒரே முறை. கிளம்பியது. பேனாவை மூடிவிட்டு, "யார் ஓட்டணும்னு எழுதல. அத்தான் பக்கம்தான் தீர்ப்பு" என்றான்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. மின்னல்.

"சார், வண்டி வந்துச்சு. கடை வாசல்ல, வழக்கமா நிறுத்தற எடத்துலயே நிக்குது. என்ன வேலைன்னு கேட்டா கோட்டு போட்டவரு பதிலே சொல்லமாட்டேங்கறாரு. ரொம்ப பெரிய மனுசரா சார்?"

"ஆமா. மரியாதையா நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூன்று தெரு. வெற்றி பெற்றவன் ஓடக்கூடாது என்பதால் மெதுவாகத்தான் நடந்தேன். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மணி பத்துக்கு ஐந்து நிமிடம். குழுத்தலைவர் வாசலில் காத்திருந்தார். அவருடைய கோட்டை அவர் கையில் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "தோள் கொஞ்சம் லூசான மாதிரி இருக்கே, யாராவது போட்டாங்களா?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் மற்ற பதினைந்து கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

ஷெட்டுக்குள் பார்த்தேன். ஜன்னலடி மெஷின், சாப்பாட்டு மேஜை மெஷின், கட்டிலடி மெஷின் மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெட்டுகிற மேஜையும் வந்திருந்தது. அதன்மேல் கத்திரியும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் இருந்தன. அந்த ஜன்னல் திரை இரண்டும் ஏற்கெனவே தொங்கின. மச்சான் அக்காவுக்கு ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கார் கிளம்பினா ஷெட் காருக்குன்னுதான எழுதியிருக்கு?" என்றேன்.

"காருக்குத்தான். யாரு இல்லைன்னா?" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "கார் கிளம்பிப் போயிடுச்சு. எடம் காலியா கெடந்துச்சு. வந்தா எழுந்திரிச்சுக்கலாம்னு உக்காந்தேன்."

"வந்துடுச்சு. வாசல்ல நிக்குது."

"நல்லா நிக்குதுல்ல? நிக்கட்டும். அதுக்குத்தான் சுவிட்ச் மாட்டியிருக்கீங்களே. எத்தனை நாள் நின்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் சொன்னது உண்மை என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. ஜெயித்தது நான்தான், அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. பந்தயக் காகிதமும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து கார் வெளியே நிற்கிறது, கூப்பிட்ட போதெல்லாம் ஒரே திருப்பில் கிளம்புகிறது. தெருக்காரர்களின் கால்களும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டன. நான் இதை எழுதுவது ஷெட்டின் மூலையில், அவள் எனக்கு ஒதுக்கிக் கொடுத்த அரை மேஜையில் உட்கார்ந்து.

சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த சுவிட்ச் எனக்கு எதிரே ஆணியில்தான் தொங்குகிறது, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு. உறையை வெட்ட அவள் இன்னும் கத்திரியைத் தரவில்லை.